ஸ்க்ரூ எங்கே போய் நிற்கிறது?

முதுகில் ஸ்க்ரூ போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், சொந்தக்காரர்கள் எனக்குப் போன் போட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "அந்த ஆஸ்பத்திரியில ரோபோ இருக்கா?" என்பதுதான். முன்பெல்லாம் "டாக்டர் கைராசிக்காரரா?" என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நமக்குப் புரியாத ஓரிடத்தில் நடக்கப்போகிற வேலையை ஏதோ ஒன்று பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதுதான் இரண்டும்.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் ஓட்டுகிற ரேடியோகிராஃபர். மேசையில் கவிழ்ந்து படுத்திருக்கும் நோயாளியைச் சுற்றி வளைந்து நிற்கிற எக்ஸ்ரே இயந்திரம்தான் சி-ஆர்ம். அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே எலும்பு எப்படி இருக்கிறது, கருவி எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும். ஸ்க்ரூவைத் திருகுவது என் கை இல்லை. ஆனால் அது போகிற பாதையைச் சர்ஜனோடு சேர்ந்து நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வருடம் பெரம்பூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கே, இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நாலாவதான எல்4, அதற்குக் கீழே இருக்கிற எல்5 மேல் முன்பக்கமாக நழுவி, தெருமுனை வரை நடந்தாலே கால் மரத்துப்போகும் நிலை வந்தது. மாத்திரை, பிசியோ எல்லாம் பார்த்தாகிவிட்டது. "ஏண்டி, ரோபோ இருக்குற எடத்துக்கே போயிடலாமா?" என்று அவரும் கேட்டார். அவருக்குச் சொல்ல ஆரம்பித்து நீண்டுகொண்டே போன பதில்தான் இது.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முள்ளெலும்பு ஒவ்வொன்றிலும் முன்பக்கம் கனமான உருளை, பின்பக்கம் நாம் முதுகைத் தடவினால் கையில் தட்டுப்படுகிற முள். இரண்டையும் இணைக்க இடமும் வலமுமாக இரண்டு குட்டையான எலும்புத் தண்டுகள் உண்டு. அதைத்தான் பெடிகிள் என்கிறார்கள். முதுகுப் பக்கமிருந்து நுழைகிற ஸ்க்ரூ இந்தத் தண்டுக்குள்ளேயே போய் முன்பக்க உருளைக்குள் பிடித்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் எலும்பின் முன்னும் பின்னும் ஒரே பிடியில் வந்துவிடும். பிறகு ஸ்க்ரூக்களின் தலைகளைக் கம்பியால் இணைத்தால் நழுவின எலும்பு மேலும் நழுவாது, உடைந்தது அசையாது, வளைந்ததை நிமிர்த்தலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தண்டின் எந்தப் பக்கச் சுவரைத் தாண்டினாலும் அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது. உள்பக்கச் சுவரை ஒட்டித் தண்டுவடம், இடுப்புப் பகுதியென்றால் நரம்புக் கற்றை. கீழ்ச் சுவரை உரசிக்கொண்டு நரம்பு வேர் வெளியே வருகிறது. மேலே தாண்டினால் டிஸ்க். நெஞ்சுப் பகுதியில் வெளிப்பக்கம் நுரையீரலின் உறை. முன்பக்கம் உருளையையும் துளைத்துப் போய்விட்டால் பெருந்தமனியும் பெருஞ்சிரையும். அதனால் சர்ஜன்கள் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அளவு பயப்படுவதில்லை. சந்தேகம் வந்தால் கொஞ்சம் வெளிப்பக்கம் ஒதுங்குவார்கள். நெஞ்சுப் பகுதியில் விலா எலும்பு பக்கத்திலேயே அணைத்தாற்போல் இருப்பதால், தண்டை விட்டு வெளிப்பக்கம் சற்று விலகினாலும் தாங்கிக்கொள்ளும். உள்பக்கமும் கீழ்ப்பக்கமும்தான் விட்டுக்கொடுக்க முடியாதவை.

அளவைச் சொன்னால் இன்னும் விளங்கும். இடுப்பின் அடியில் எல்5 பெடிகிள் பெரியவர்களுக்குச் சாதாரணமாக 15 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். அப்படியே மேலே ஏறி நெஞ்சின் நடுப்பகுதிக்கு, அதாவது நெஞ்சுப் பகுதியின் ஐந்தாவது எலும்பான டி5 பக்கம் வந்தால் 4, 5 மில்லிமீட்டர்தான். அதற்குள் போகிற ஸ்க்ரூவின் கனமே கிட்டத்தட்ட அவ்வளவு. ராம்பர்சாத் என்ற சர்ஜனும் அவருடைய சகாக்களும் 2001-இல் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள்: ஒவ்வொரு எலும்பிலும் எவ்வளவு தவறினால் சுவர் உடையாமல் தப்பிக்கலாம்? எல்5-இல் 3.8 மில்லிமீட்டர், 12.7 டிகிரி வரை இடம் இருந்தது. டி5-இல் வந்த விடை 0 மில்லிமீட்டர், 0 டிகிரி. அதாவது தவறுவதற்கு இடமே இல்லை. "ஸ்க்ரூ போடற ஆபரேஷன்" என்று பொதுவாகப் பேசுகிறோமே, எந்த எலும்பில் என்று கேட்காமல் அதன் ஆபத்தைப் பேசுவதில் அர்த்தமில்லை. பெரியம்மாவின் எல்4, எல்5 ஒப்பீட்டளவில் விசாலமான இடம். கூன் விழுந்து முதுகு திருகிப்போன ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு முற்றிலும் வேறு கதை. அங்கே பெடிகிள் சிறுத்திருப்பதோடு எலும்பே திரும்பியிருக்கும்.

இவ்வளவு ஆபத்தான பாதையில் ஸ்க்ரூ போடலாம் என்று முறைப்படுத்திக் காட்டியவர்களில் முன்னோடி, பாரிஸ் நகரத்து ரேமண்ட் ரோய்-காமில். 1963-இல் ஆரம்பித்து 1970-இல் எழுதி வெளியிட்டார். அமெரிக்காவில் தொண்ணூறுகளில் இந்த ஸ்க்ரூக்கள் மேல் ஏகப்பட்ட வழக்குகள் நடந்தன. 1998-இல்தான் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தருகிற அந்நாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இவற்றின் ஆபத்து வகையைத் தளர்த்தியது. ஆக, இன்று தினமும் நடக்கிற இந்த வேலை ஒன்றும் ரொம்பப் பழையது இல்லை.

இனி தியேட்டருக்குள் போவோம். இயந்திரமெல்லாம் இல்லாமல், வெறும் கையும் சி-ஆர்மும் வைத்து எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மற்ற எல்லாத் தொழில்நுட்பமும் இதன் மேல் போட்ட அடுக்குகள்தான்.

தசையை விலக்கி எலும்பின் பின்புறத்தைக் காட்டினதும், எங்கே நுழைவது என்று சர்ஜன் தேடுவார். இடுப்புப் பகுதி முதுகெலும்பில், அடுத்தடுத்த எலும்புகள் சேர்கிற மூட்டும், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பும் சந்திக்கிற இடம் அது. மேலோட்டைப் பர் என்கிற சிறிய சுழலும் கருவியால் சுரண்டினால் உள்ளே இருக்கிற மென்மையான எலும்பு ரத்தப் புள்ளியாகத் தெரியும். அப்புறம் முனை சற்று மழுங்கிய, புரோப் என்கிற கம்பி போன்ற கருவியை வைத்து மெல்ல அழுத்தித் திருப்பிக்கொண்டே உள்ளே போவார். இங்கேதான் கை பேச ஆரம்பிக்கும். தண்டின் வெளி ஓடு கெட்டி, உள்ளே மென்மை. புரோப் சரியான பாதையில் இருந்தால் ஒரே சீரான கரகரப்போடு போகும். திடீரென்று தடுத்தால் சுவரில் முட்டுகிறது. திடீரென்று வழுக்கிக்கொண்டு போனால் சுவரைத் தாண்டிவிட்டது. நல்ல சர்ஜன் ஒருவர் புரோபைத் தள்ளுவதைவிட அதை நிறுத்துவதில்தான் தேர்ந்தவராக இருப்பார். அந்த நேரத்தில் தியேட்டரில் யாராவது சிரித்துப் பேசினால் எங்கள் சீனியர் சிஸ்டர் ஒரு பார்வை பார்ப்பார், போதும்.

துளை போட்டதும் முனையில் சின்ன உருண்டை வைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு உள், வெளி, மேல், கீழ் என்று நான்கு சுவரையும், கடைசியில் அடியையும் தடவிப் பார்ப்பார். எங்காவது கம்பி உள்ளே விழுந்தால் அங்கே ஓட்டை. மரை போடுகிற கருவியால் ஸ்க்ரூவின் கனத்தைவிடச் சற்றுக் குறைவாக மரை போட்டுவிட்டு மறுபடியும் அதே கம்பியால் தடவிப் பார்ப்பார். அவசரக்காரர்கள் விட்டுவிடுகிற படி இந்த இரண்டாவது தடவல்தான். மரை போடும்போது சுவர் விரிந்து பிளந்திருக்கலாம். முதல் தடவலில் அது தெரியாது.

இந்த முறையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவில் லென்கி என்ற சர்ஜனின் குழு 2004-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் மட்டும் 3,204 ஸ்க்ரூக்கள், எல்லாம் வெறுங்கையால் போட்டவை. அதில் 577-ஐ சி.டி. எடுத்துச் சோதித்தபோது 6.2 சதவீதம் சுவரைக் குறிப்பிடத்தக்க அளவு தாண்டியிருந்தன. நரம்புக்கோ ரத்தக்குழாய்க்கோ பாதிப்பு எதுவும் இல்லை. இதைக் காட்டி "இயந்திரம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கைகள் தினமும் அதையே செய்கிற கைகள் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

என் வேலை எங்கே வருகிறது? படம் சரியாக இருந்தால்தான் சர்ஜனின் கணக்கு சரியாக இருக்கும். நேர்ப் படம் எடுக்கும்போது நடு முள், இரண்டு பெடிகிள் நிழல்களுக்கும் சரிநடுவில் விழ வேண்டும். எலும்பின் மேல்தளம் இரட்டைக் கோடாக இல்லாமல் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். இடுப்பு வளைந்திருப்பதால் ஒரு எலும்புக்குச் சரியாக வைத்த கோணம் அடுத்த எலும்புக்குச் செல்லாது. எல்5-க்கு வரும்போது சி-ஆர்மின் மேலே இருக்கிற, படத்தை வாங்குகிற பெரிய தலையை நோயாளியின் தலைப்பக்கம் நன்றாகச் சாய்க்க வேண்டும். "இன்னும் ஹெட் சைடும்மா... கொஞ்சம்... போதும், ஷூட்" என்பார் சர்ஜன். மூன்று டிகிரி சோம்பேறித்தனம் பட்டால், தண்டுக்குள் இருக்கிற ஸ்க்ரூ வெளியே இருப்பதுபோலவும், வெளியே இருப்பது உள்ளே இருப்பதுபோலவும் படம் பொய் சொல்லும்.

சின்னத் துளை வழியாக, தசையைப் பிரிக்காமல் போடுகிற ஸ்க்ரூவில் படம் ஒன்றுதான் கண். நேர்ப் படத்தில் பெடிகிள் ஒரு நீள்வட்டமாகத் தெரியும். இடப்பக்கத்தில் கடிகாரத்தின் 9 மணி இடத்திலும் வலப்பக்கத்தில் 3 மணி இடத்திலும், அதாவது வெளி ஓரத்தில், ஊசியை வைத்து ஆரம்பிப்பார்கள். ஊசி உள்நோக்கிப் போகப் போக அந்த வட்டத்தின் உள் ஓரத்தை நெருங்கும். விதி என்னவென்றால், பக்கவாட்டுப் படத்தில் ஊசிமுனை எலும்பு உருளையின் பின்கோட்டைத் தொடுகிற வரை, நேர்ப் படத்தில் உள் ஓரத்தைத் தாண்டக் கூடாது. முன்னதாகவே தாண்டிவிட்டால் முனை நரம்பு இருக்கிற குழாய்க்குள் இருக்கிறது என்று பொருள். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டு நேர்ப் படம், பக்கவாட்டுப் படம் என்று இயந்திரத்தை மாற்றி மாற்றிச் சுற்றுவதுதான் என் நாளின் பெரும்பகுதி.

அந்தப் பெரும்பகுதிக்கு ஒரு விலை உண்டு. முதுகெலும்பு அல்லாத மற்ற எலும்பு அறுவைகளைவிட, சி-ஆர்ம் உதவியோடு பெடிகிள் ஸ்க்ரூ போடும் சர்ஜனுக்குக் கதிர்வீச்சு 10 முதல் 12 மடங்கு விழலாம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்களைப் போன்றவர்களுக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் கூடாது என்று வைத்திருக்கிறது. அதை அளக்கத்தான் டி.எல்.டி. பேட்ஜ். அதை லாக்கரிலேயே பத்திரமாக வைத்துவிட்டுத் தியேட்டருக்கு வருகிற டாக்டர்களைப் பற்றி இங்கே நிறையப் பேசலாம், வேண்டாம். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது எக்ஸ்ரே குழாய் இருக்கிற பக்கம் நிற்காதீர்கள், சிதறல் அங்கேதான் அதிகம் என்று மட்டும் புதிதாக வருகிற பயிற்சி டாக்டர் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். ஈய ஏப்ரனின் பாரத்தில் எனக்கே இடுப்பு வலி என்பதைக் கேட்டு பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

கதிர்வீச்சைக் குறைக்கவும் துல்லியத்தைக் கூட்டவும் தொண்ணூறுகளின் நடுவில் வந்ததுதான் நேவிகேஷன். நோயாளியின் எலும்பில் ஒரு சட்டத்தைப் பொருத்திவிடுவார்கள். அதில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகள் இருக்கும். தியேட்டரிலேயே சுழன்று படம் எடுக்கும் ஓ-ஆர்ம் போன்ற இயந்திரத்தால் முப்பரிமாணப் படம் எடுத்துவிட்டால், அதன் பிறகு அகச்சிவப்பு கேமரா அந்தச் சட்டத்தையும் சர்ஜன் கையில் இருக்கிற கருவியையும் சேர்த்துப் பார்த்து, எலும்புக்குள் கருவி எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். படம் எடுக்கும் சில நொடிகள் நாங்கள் எல்லோரும் வெளியே போய்விடலாம்.

இதற்கு நம்மூர்ச் சான்றே இருக்கிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. முதுகு வளைந்த 33 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் ஸ்க்ரூ போட்டார்கள். நேவிகேஷன் இல்லாத பிரிவில் 23 சதவீத ஸ்க்ரூக்கள் சுவரைத் தாண்டியிருந்தன. நேவிகேஷன் இருந்த பிரிவில் 2 சதவீதம். ஒரு ஸ்க்ரூவுக்கு ஆன நேரம்கூடச் சராசரியாக 4.61 நிமிடத்திலிருந்து 2.37 நிமிடமாகக் குறைந்தது. திருகின முதுகில், தவறுவதற்கு இடமே இல்லாத எலும்பில் இயந்திரம் எவ்வளவு உதவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

ஆனால் நேவிகேஷன் காட்டுவது எலும்பை இல்லை, படம் எடுத்த நேரத்தில் எலும்பு இருந்த நிலையை. இந்த ஒரு விஷயம் புரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. கத்திப்பாராவில் பாலத்துக்கு அடியில் போய்க்கொண்டிருக்கும்போது போன் மேப், நீங்கள் பாலத்தின் மேலே போவதாகப் பிடிவாதமாகக் காட்டுமே, அந்த நேரத்தில் அது கொஞ்சமும் தயங்காது, அம்புக்குறி ஜம்மென்று நகரும். நேவிகேஷன் திரையும் தவறும்போது அதே நம்பிக்கையோடுதான் தவறும்.

ஒரு முறை ஓர் அறுவையில் இதை நேரில் பார்த்தேன். உதவிக்கு நின்றவர் தசையை விலக்கும் கருவியை மாற்றும்போது அவருடைய முழங்கை அந்தச் சட்டத்தில் பட்டது. லேசாகத்தான் பட்டது, அவருக்கே தெரியவில்லை. கருவிகளை எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர் பார்த்துவிட்டார். "சார், ஃப்ரேம் தட்டிடுச்சு" என்றார். சர்ஜன் ஒன்றும் பேசவில்லை. சுட்டுகருவியின் முனையை எடுத்துக் கண்ணெதிரே தெரிகிற நடு முள்ளின் உச்சியில் வைத்தார். திரையில் முனை எலும்பைத் தொடவில்லை. பக்கத்தில் தசைக்குள் நின்றது. எல்லோரும் வெளியே போய் மறுபடி படம் எடுத்து, மறுபடி ஆரம்பித்தோம். அந்தச் சிஸ்டர் வாயைத் திறக்கத் தயங்குகிற தியேட்டராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சட்டம் தட்டப்படாமலே கூடத் தவறலாம். சட்டம் ஓரிடத்தில், வேலை நாலைந்து எலும்பு தள்ளி என்றால் துல்லியம் குறையும். மூச்சில் முதுகு ஏறி இறங்கும். ஸ்க்ரூவை அழுத்தித் திருகும்போது எலும்பே கொஞ்சம் அமுங்கும். அதனால், தெரிந்த ஓர் எலும்புப் புள்ளியைத் தொட்டுப் பார்த்து "சரியா இருக்கா?" என்று ஒவ்வொரு நிலையிலும் சரிபார்க்கிற பழக்கம் இருக்கிறதா என்பதுதான் விஷயம். அந்தப் பழக்கத்தை இயந்திரத்தோடு சேர்த்து விற்பதில்லை.

ரோபோவும் இதன் நீட்சிதான். நிறையப் பேர் நினைப்பதுபோல அது தானாக அறுவை செய்வதில்லை. முன்கூட்டியே சி.டி.யில் வரைந்துவைத்த பாதைக்கு நேராக ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் கை அது. துளை போடுவதும் திருகுவதும் பெரும்பாலும் சர்ஜன்தான். இஸ்ரேலில் உருவான ஸ்பைன்அசிஸ்ட் 2004-இல் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது. 2012-இல் ஜெர்மனியில் ரிங்கல் என்பவரின் குழு வெளியிட்ட ஆய்வில் அந்த ரோபோவையும் வெறுங்கையையும் 60 நோயாளிகளில் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். நல்ல இடத்தில் நின்றவை வெறுங்கையில் 93 சதவீதம், ரோபோவில் 85 சதவீதம். எலும்பின் சரிவான மேற்பரப்பில் குழாயின் முனை வழுக்கி, ஆரம்பப் புள்ளியே நகர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகித்த காரணங்களில் ஒன்று. அதற்குப் பின் வந்த ரோபோக்கள் நேவிகேஷனையும் சேர்த்துக்கொண்டு நிறைய முன்னேறிவிட்டன. இன்று அவற்றின் முடிவுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சரிவில் வழுக்குவது என்பது இன்னும் ஒழிந்தபாடில்லை, அதைப் பார்த்து நிறுத்துகிற கை இன்னும் வேண்டும். எலும்பைப் படம் எடுத்து அச்சு வார்த்த 3டி வழிகாட்டி, கண்ணாடிக்குள்ளேயே எலும்பைக் காட்டும் கருவி, கெட்டி எலும்புக்கும் மென்மையான எலும்புக்கும் மின்கடத்தும் தன்மை மாறுவதை வைத்து ஒலி எழுப்பும் புரோப் என்று இன்னும் நிறைய வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் உண்டு.

இவையெல்லாம் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று காட்டுபவை. நரம்பு எப்படி இருக்கிறது என்று காட்டுவது வேறு ஒரு கலை. தலையில் மின்னூட்டம் கொடுத்துக் கால் தசையில் பதில் வருகிறதா என்று அறுவை முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார் நியூரோ மானிட்டரிங் செய்பவர். போட்ட ஸ்க்ரூவிலேயே மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. சுற்றிலும் எலும்பு முழுசாக இருந்தால் அது மின்சாரத்தைத் தடுக்கும், நிறையக் கொடுத்தால்தான் கால் துடிக்கும். இடுப்பில் சுமார் 8 மில்லி ஆம்பியருக்குக் கீழேயே கால் துடித்தால் சுவரில் விரிசல் என்று சந்தேகப்படுவார்கள். இதற்கு மயக்க மருந்து டாக்டரின் ஒத்துழைப்பு அவசியம். தசை தளர்த்தும் மருந்து ஏறியிருந்தால் எந்தப் பதிலும் வராது. "சார், ரிலாக்ஸன்ட் குடுத்திருக்கீங்களா?" என்ற கேள்வியில் தொடங்கி இந்த இரண்டு பேருக்கும் நடுவில் தினமும் ஒரு செல்லச் சண்டை நடக்கும்.

இந்தக் கருவிகள் வருவதற்கு முன் இருந்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1973-இல் பிரான்ஸில் ஸ்டான்யாரா குழுவினர் எழுதினார்கள்: அறுவையின் நடுவிலேயே நோயாளியின் மயக்கத்தைக் குறைத்து, கால் விரலை ஆட்டச் சொல்வது. மானிட்டரில் குழப்பம் வந்தால் இன்றும் செய்கிறார்கள். முந்தின நாளே நோயாளியிடம் சொல்லிவைத்திருப்பார்கள். மயக்க டாக்டர் காதருகே குனிந்து, "அம்மா, கண்ணு, என் கையை அழுத்து" என்பார். கை அழுத்தினால்தான் காதில் விழுகிறது என்று உறுதியாகும். அப்புறம்தான், "இப்ப கால் விரலை ஆட்டு". பச்சைத் துணியின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "ரெண்டும் ஆடுது சார்!" இந்தச் சோதனைக்கு நோயாளியின் மொழி தெரிந்தவர் தேவை என்பதால், மயக்க டாக்டருக்கு இந்தி மட்டும் தெரிந்த ஒரு நாள் எங்கள் வார்டு ஆயாம்மாவைக் கவுன் மாட்டி உள்ளே அழைத்துவந்தோம்.

புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2007-இல் 130 ஆய்வுகளைத் தொகுத்து 37,337 ஸ்க்ரூக்களைக் கணக்கெடுத்தார்கள். சரியாக நின்றவை 91.3 சதவீதம். உடனே நூற்றில் ஒன்பது பேருக்குக் கால் போய்விடும் என்று அர்த்தமில்லை. ஸ்க்ரூ முழுவதும் உள்ளே இருந்தால் 'ஏ', 2 மில்லிமீட்டருக்குள் தாண்டியிருந்தால் 'பி', 4-க்குள் 'சி' என்று கெர்ட்ஸ்பைனும் ராபின்ஸும் 1990-இல் வகுத்த தரவரிசையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். நரம்பைச் சுற்றிக் கொஞ்சம் காலி இடம் இருப்பதால் 'ஏ', 'பி' இரண்டையும் ஏற்கத்தக்கதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தாண்டின பெரும்பாலான ஸ்க்ரூக்கள் யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் காலம் முழுக்க அங்கேயே இருந்துவிடும். தொந்தரவு கொடுக்கிற கொஞ்சம் ஸ்க்ரூக்களை எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தையல் போடுவதற்கு முன் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை, எடுத்து வேறு பாதையில் போடலாம். மறுநாள் வார்டில் "கால் பாதத்தைத் தூக்க முடியலை" என்று நோயாளி சொல்லித் தெரிந்தால் மறுபடி தியேட்டர், மறுபடி மயக்கம், நரம்பு தேறுமா என்ற கவலை, ரெண்டாவது பில்.

அதனால் எந்த இயந்திரம் என்ற கேள்வியை நான் இப்போது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. போட்டு முடித்த ஸ்க்ரூவைச் சந்தேகப்பட எத்தனை பேருக்கு அங்கே உரிமை இருக்கிறது, எத்தனை முறை சந்தேகப்படுகிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். சி-ஆர்ம் மட்டும் வைத்துக்கொண்டு, நேரும் பக்கவாட்டும் பொறுமையாக எடுத்து, முனை நடுக்கோட்டைத் தாண்டியிருந்தால் கூச்சப்படாமல் ஸ்க்ரூவை வெளியே எடுத்துச் சுவரைத் தடவிப் பார்க்கிற சர்ஜன்களும் இருக்கிறார்கள். கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கி வைத்துவிட்டுக் கடைசிப் படம் எடுக்க நேரமில்லாமல் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அதற்கும் முந்தின கேள்வி, ஸ்க்ரூ வேண்டுமா என்பது. முதுகெலும்புக் காசநோய்க்கு அறுவையா மருந்தா என்று ஊரெல்லாம் விவாதம் நடந்தபோது, நம் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையம் சென்னை நோயாளிகளிடமே ஒப்பிட்டுப் பார்த்தது. கால் செயலிழக்காதவர்களில், நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிட்டவர்களும் பெரிய அறுவை செய்துகொண்டவர்களும் பத்து வருடம் கழித்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி நன்றாக இருந்தார்கள். போடாத ஸ்க்ரூ தவறாது.

பெரியம்மாவுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. ஒரு தாளில் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். எந்த எலும்பில், எத்தனை ஸ்க்ரூ? இதே அறுவையை வாரத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? தைப்பதற்கு முன் எப்படிச் சரிபார்ப்பீர்கள்? சரியில்லையென்றால் அங்கேயே மாற்றுவீர்களா? என் எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்குமா? கடைசிக் கேள்வி முக்கியம். எழுபதை நெருங்கும் பெண்களுக்கு எலும்பு தேய்ந்திருந்தால், மிகச்சரியான இடத்தில் போட்ட ஸ்க்ரூகூட ஆறு மாதத்தில் ஆடிப்போகும்.

நான் வேலை செய்யாத இன்னொரு மருத்துவமனைக்குத்தான் போனோம். சர்ஜன் தாளை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். கோபப்படவில்லை. "ரோபோ எங்ககிட்ட இல்லம்மா. போட்டு முடிச்சதும் தையலுக்கு முன்னாடி ஒரு 3டி படம் எடுப்போம். எனக்குப் பிடிக்கலன்னா எடுத்துட்டு மாத்திப் போடுவேன். போன மாசம்கூட ஒண்ணு மாத்தினேன்" என்றார். அவர் சொன்னதில் என்னை நிம்மதியாக்கியது அந்தக் கடைசி வாக்கியம். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா எடுக்கச் சொன்னார். குறைவாக வந்தால் சில மாதம் ஊசி போட்டுத் தேற்றிவிட்டு அப்புறம் அறுவை என்றார்.

எழுந்திருக்கப் போகும்போது பெரியம்மா, தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார். "ஸ்க்ரூ பூராவும் நீங்கதான் போடுவீங்களா டாக்டர், இல்ல கூட இருக்குறவங்களா?"

அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இடப்பக்கம் நான் போடுவேன். வலப்பக்கம் எதிர்ல நிக்கிற என் அசோசியேட் போடுவாரு. ரெண்டையும் நான் செக் பண்ணுவேன்."

"அப்ப அவரையும் ஒரு தடவ பாத்துடறேன்" என்றார் பெரியம்மா. டெக்ஸா ரிப்போர்ட்டோடு புதன்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேருமே இருப்பார்களாம்.